மாடி வெயிலைத் தாங்கும் நாற்றுத்தட்டு

ஆனி பாதி கடந்துவிட்டால் வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் விதைப் பேச்சு ஆரம்பித்துவிடும். யாரிடம் முள்ளுக்கத்தரி விதை மிச்சம் இருக்கிறது, போன வருடம் யார் வீட்டுத் தக்காளி நன்றாகக் காய்த்தது, ஆடிப்பெருக்குக்குள் நாற்று தயாராகிவிடுமா என்று மாடிக்கு மாடி விசாரணை நடக்கும். விதையைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள், அந்த விதை முதல் ஒரு மாதம் இருக்கப்போகும் தட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை. உரக்கடையில் எது அடுக்கி வைத்திருக்கிறதோ அதில் நாலைந்தை வாங்கிவருவார்கள். அடுத்த வருடம் எடுத்துப் பார்த்தால் மூலை உடைந்திருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி அதே தட்டை வாங்குவார்கள். நல்ல தட்டு நாலு பட்டத்துக்கு, அதாவது நாலு விதைப்புப் பருவத்துக்கு, மேல் தாராளமாக உழைக்கும். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வெகுநாளாகவே உண்டு.

குழித்தட்டு, நாற்றுத்தட்டு, புரோட்ரே என்று கடையில் எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுப்பார்கள். ஏறக்குறைய 54 சென்டிமீட்டர் நீளம், 28 சென்டிமீட்டர் அகலம். அதற்குள் 50, 70, 98, 104 என்று குழிகள். வெண்டை, கொத்தவரை, முள்ளங்கி, கீரை வகைகளுக்கு இது தேவையே இல்லை. அவற்றை நேராகத் தொட்டியிலோ பையிலோ விதைத்துவிடலாம். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றுக்கும்தான் தட்டு. தக்காளி சுமார் 25 நாளும், கத்தரி 30 முதல் 35 நாளும், மிளகாய் 35 முதல் 40 நாளும் தட்டில் இருந்துவிட்டுத் தொட்டிக்குப் போகும். பாகல், புடலை போன்ற கொடிகளையும் பெரிய குழியில் போடலாம். ஆனால் இரண்டு வாரத்துக்குள் எடுத்து நட்டுவிட வேண்டும். வேர் சுருண்டுவிட்டால் கொடி தேறாது.

எங்கள் பக்கத்தில் கத்தரி என்றால் இலவம்பாடி முள்ளுக்கத்தரிதான். அணைக்கட்டு ஒன்றியத்தில் விளைகிற இதற்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் காயின் மேல்மூடியிலும் முள் இருக்கும், குழம்பில் போட்டால் வெண்ணெயாய்க் கரையும். பரம்பரையாக விதை எடுத்து வைத்திருக்கும் விவசாயிகளிடமிருந்து கைமாறி வருகிற விதை இது. வருகிறபோது ஒரு காகிதப் பொட்டலத்தில் ஒரு சிட்டிகைதான் வரும். பாக்கெட் வீரிய ரக விதை போனால் இன்னொரு பாக்கெட் வாங்கிக்கொள்ளலாம், இந்தச் சிட்டிகை போனால் அடுத்த பட்டம்வரை கிடைக்காது. முளைத்த ஒவ்வொரு நாற்றையும் பிழைக்கவைக்க வேண்டும் என்ற தவிப்பு எனக்கு அதனால் வந்ததுதான். தூக்கும்போது தட்டு நடுவில் மடிந்து, பாதி நாற்று மண்ணோடு தரையில் கொட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

தட்டு ஏன் இப்படிச் சீக்கிரம் போகிறது என்று அணைக்கட்டு சாலையில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டேன். நிழல்வலைக் குடிலுக்குள் ஆயிரக்கணக்கில் தட்டு அடுக்கியிருந்தார். எல்லாம் மெல்லிய தட்டுகள், அதே கடையில் நமக்குக் கிடைப்பவைதான். அவரிடம் மட்டும் அவை எப்படி உழைக்கின்றன?

"டீச்சர், எங்க தட்டு வெயிலே பார்க்கறதில்ல. வலைக்குள்ளயே கீது. நாத்து எடுத்ததும் கழுவி அடுத்த வெதை. ஒங்க தட்டு ஒரு மாசம் வேலை செய்யுது, பத்து மாசம் மாடில சும்மா காஞ்சிகினு கெடக்குது. அப்புறம் தூக்கனா ஒடையாம இன்னா பண்ணும்?"

அவர் சொன்னது முழுக்க உண்மை. தட்டை நாற்றும் மண்ணும் தண்ணீரும் கெடுப்பதில்லை, வேலையில்லாமல் வெயிலில் கிடக்கும் மாதங்கள்தான் கெடுக்கின்றன. அதுவும் வேலூர் வெயில். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே வாடிக்கை; காங்கிரீட் தளத்தின் சூடு அதற்கும் மேலே. வெளிநாட்டுத் தோட்டக் குறிப்புகளைப் படித்தால், பனிக்காலத்தில் பிளாஸ்டிக் விறைத்து உடையும், அதனால் குளிர் தாங்கும் தட்டாக வாங்குங்கள் என்று இருக்கும். மார்கழியிலும் நமக்கு அந்தக் கவலை கிடையாது. நாம் பார்க்க வேண்டியது வெயில் ஒன்றைத்தான்.

சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைத் துண்டு துண்டாக அறுக்கிறது. முதலில் பளபளப்பு போகும். அப்புறம் விரலால் தேய்த்தால் வெள்ளையாக மாவு ஒட்டும். பிறகு வளைத்த இடத்தில் விரிசல். இதைத் தடுக்கத் தயாரிக்கும்போதே மருந்து சேர்ப்பார்கள். அதில் மலிவானதும் நம்பகமானதும் கார்பன் கறுப்பு என்கிற நுண்ணிய கரித்தூள். கதிரைத் தானே வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக்கைக் காப்பாற்றும். வெளியில் போடும் தண்ணீர்க் குழாய்களும் மாடித் தொட்டிகளும் பெரும்பாலும் கறுப்பாக இருப்பதற்கு இதுவே காரணம். ஆகவே பச்சை, சிவப்பு என்று கண்ணைக் கவரும் தட்டுகளைவிட நல்ல அடர் கறுப்புத் தட்டு வெயிலுக்கு நிற்கும். வண்ணத் தட்டு வேண்டும் என்றால், புற ஊதாக் கதிர் தாங்கும் என்று அட்டையில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் தட்டை மாடிக்கு வாங்கவே வாங்காதீர்கள். வேருக்கும் வெளிச்சம் ஆகாது, குழிக்குள் பாசியும் பிடிக்கும்.

அடுத்தது, என்ன பிளாஸ்டிக் என்பது. கடையில் கிடைக்கும் தட்டுகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் அல்லது பாலிபுரொப்பிலீன். சில சமயம் பிவிசியும் உண்டு. தட்டின் அடியில் முக்கோணக் குறிக்குள் எண் இருந்தால் வேலை சுலபம்: 5 என்றால் பாலிபுரொப்பிலீன், 6 என்றால் பாலிஸ்டைரீன், 3 என்றால் பிவிசி. நான் தேடுவது 5. பாலிஸ்டைரீன் தொட்டால் விறைப்பாக, உறுதியாக இருப்பதுபோல் தெரியும். ஆனால் அதற்கு வளையத் தெரியாது. ஓர் அளவுக்கு மேல் அழுத்தினால் படக்கென்று உடையும். பாலிபுரொப்பிலீன் வளைந்து கொடுக்கும். ஈரமண்ணோடு தூக்கும்போது வேண்டியது அந்த வளைவுதான். ஒன்று சொல்ல வேண்டும்: பாதுகாப்பு மருந்து சேர்க்காத பாலிபுரொப்பிலீனை வெயில் மிகச் சுலபமாக அரித்துவிடும். ஆகவே எண் 5 மட்டும் போதாது, கறுப்பாகவும் இருக்க வேண்டும், நிழலிலும் இருக்க வேண்டும்.

எண் போடாத தட்டுகள் நிறைய. அதற்கு ஒரு வழி இருக்கிறது. உடைந்த பழைய தட்டு வீட்டில் இருந்தால் நகத்தளவு துண்டு வெட்டி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, காற்றுக்குமிழி ஒட்டாதபடி விரலால் அமுக்கி விடுங்கள். மிதந்து மேலே வந்தால் பாலிபுரொப்பிலீன், அல்லது குடத்துக்குப் பயன்படுத்தும் பாலிஎத்திலீன். மூழ்கினால் பாலிஸ்டைரீன் அல்லது பிவிசி. முன்னவை இரண்டும் தண்ணீரைவிட லேசு, பின்னவை கனம். எந்தக் கடைத் தட்டு உழைத்தது, எது உழைக்கவில்லை என்று தெரிந்துகொண்டு அடுத்த முறை அதே சரக்கைக் கேட்க இது உதவும்.

கடையில் துண்டு வெட்ட முடியாது. அங்கே கையும் கண்ணும் காதும்தான். தட்டின் ஒரு மூலையைப் பிடித்து லேசாக மடக்கிப் பாருங்கள். மொறுமொறுவென்று சத்தம் வந்தாலோ, மடங்கின இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்து அது அப்படியே நின்றாலோ, வைத்துவிடுங்கள். அப்புறம் தட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் குழியின் அடிப்பகுதியைப் பாருங்கள். மெல்லிய தட்டுகள் பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி அச்சில் உறிஞ்சி இழுத்துச் செய்யப்படுபவை. தாள் எங்கே அதிகம் இழுபடுகிறதோ அங்கே மெலிந்துபோகும். குழியின் அடிமூலைதான் அதிகம் இழுபடும் இடம். விளிம்பைத் தொட்டுப் பார்த்து "நல்ல தடிமன்" என்று சொல்வது பலருடைய வழக்கம். விளிம்பில் இருக்கும் தடிமன் அடியில் இருக்காது. அடிமூலையில் வெளிச்சம் கசிந்தால் அந்தத் தட்டு முதலில் அங்கேதான் கிழியும். கறுப்புத் தட்டில்கூட மெலிந்த இடம் பழுப்பாகத் தெரியும்.

உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்தி ஊற்றிச் செய்யும் தட்டு வேறு ஜாதி. எல்லா இடத்திலும் ஒரே தடிமன், மூலைகளில் விலாவெடுத்த பட்டை, அடியில் பிளாஸ்டிக் உள்ளே பாய்ந்த இடத்தில் சின்னதாக ஒரு மொட்டு. அந்த மொட்டைப் பார்த்தாலே அச்சில் ஊற்றிய தட்டு என்று கண்டுபிடித்துவிடலாம். விலை மெல்லிய தட்டைப்போல் பல மடங்கு இருக்கும். பண்ணைக்காரருக்கு அது கட்டாது. அவருடைய தட்டு நாற்றோடு விவசாயி வீட்டுக்குப் போய்விடும், பாதி திரும்பி வராது. வீட்டுத்தோட்டத்துக்குக் கணக்கு வேறு. நாலைந்து பேர் உள்ள குடும்பத்துக்குப் பத்துக் கத்தரி, பத்துத் தக்காளி, எட்டு மிளகாய்ச் செடி போதும். முளைக்காதது, நோஞ்சான், பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது எல்லாம் சேர்த்தாலும் ஐம்பது குழிக்குள் அடங்கிவிடும். மெல்லிய தட்டு பத்து வாங்கும் இடத்தில் தடித்த தட்டு இரண்டு வாங்குங்கள் என்பதே என் முடிவு. பெரும்பாலான மாடிகளில் தேவைக்கு மேல் தட்டு இருக்கிறது. தேவைக்கு மேல் இருக்கும் தட்டுதான் வெயிலில் கிடக்கிறது.

குழி எண்ணிக்கை பற்றி நர்சரிக்காரர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அவர்கள் 98 குழித் தட்டைத்தான் சொல்வார்கள். குறைந்த இடத்தில் நிறைய நாற்று, வண்டியில் ஏற்ற வசதி, அவர்களுக்கு அது சரி. ஆனால் அதே அளவு தட்டில் 98 குழி இருந்தால் ஒவ்வொன்றும் 50 குழித் தட்டில் இருப்பதில் பாதி இடம்தான். பங்குனி வெயிலில் அந்தச் சின்னக் குழி காலையில் விட்ட தண்ணீரை மதியத்துக்குள் காய்ச்சிவிடும். பண்ணையில் தண்ணீர் விட ஆள் இருக்கிறார். வேலைக்குப் போகும் வீட்டில் சாயங்காலம்வரை யார் இருக்கிறார்கள்? 50 குழித் தட்டில், மண்ணாகக் குழியில் நிரப்பும் தேங்காய் நார்க்கழிவு கூடுதலாகப் பிடிக்கும், ஈரமும் கூடுதலாக நிற்கும். நட வேண்டிய நாள் மழையிலோ ஊருக்குப் போனதிலோ ஒரு வாரம் தள்ளிப்போனாலும் வேர் நெருக்கடி இல்லாமல் இருக்கும். மிளகாய் நாற்று நாற்பது நாள் இருக்க வேண்டியது, அதற்கு இது மிகவும் தேவை. வீட்டுக்கு 50 குழிதான்.

குழியின் வடிவத்தையும் கவனியுங்கள். வழவழப்பான வட்டக் குழியில் வேர் சுவரைத் தொட்டதும் சுற்றிச் சுற்றி ஓடும். சதுரக் குழியில், அதுவும் சுவரில் மேலிருந்து கீழாகப் பட்டை ஓடினால், வேர் கீழ்நோக்கி இறங்கும். அடித்துளைக்கு வந்து காற்றைத் தொட்டதும் நுனி காய்ந்து நின்றுவிடும், மேலே பக்க வேர்கள் விடும். இது நடக்கத் தட்டுக்கு அடியில் காற்று ஓட வேண்டும். தக்காளி கிரேட் ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் தட்டை வைத்தால் போதும். தளத்தின் சூடும் நேராக ஏறாது, எறும்பும் குறையும்.

அடித்துளை விஷயத்தில் தடித்த தட்டு வாங்குகிறவர்கள் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். மெல்லிய தட்டில் குழியை வெளியிலிருந்து பிதுக்கினாலே நாற்று மண்கட்டியோடு மேலே வந்துவிடும். தடித்த தட்டைப் பிதுக்க முடியாது. அடியிலிருந்து தள்ள வேண்டும். துளை சோற்றுப்பருக்கை அளவு இருந்தால் எதைக் கொண்டு தள்ளுவது? நாற்றைத் தண்டைப் பிடித்து இழுப்பார்கள், வேர் அறுந்துவிடும். பென்சிலின் மழுங்கிய முனை தாராளமாக நுழையும் அளவு துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சுண்டுவிரல் நுழைந்தால் இன்னும் நல்லது. நார்க்கழிவு கொட்டிவிடுமே என்று பயப்பட வேண்டாம், ஈரமாக நிரப்பினால் நிற்கும். குழியின் வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் சரிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். நேர்ச்சுவர் என்றால் மண்கட்டி பிடித்துக்கொள்ளும்.

மெல்லிய தட்டுகள் ஏற்கெனவே வீட்டில் இருக்கின்றன, தூக்கிப்போட மனமில்லை என்பவர்களுக்கு நல்ல வழி ஒன்று உண்டு. ஆரணிப் பக்கம் நெல் இயந்திர நடவுக்கு நாற்றுப் பாய் வளர்க்க ஒரு தட்டையான தட்டு வைத்திருப்பார்கள். 58 சென்டிமீட்டர் நீளம், 28 அகலம், 3 சென்டிமீட்டர் உயரம், அடியில் துளைகளோடு இருக்கும் கெட்டியான பிளாஸ்டிக் தட்டு. வயல் வேலைக்கென்று செய்யப்பட்டது, சுலபத்தில் உடையாது. நம் குழித்தட்டை அதற்குள் வைத்தால் நீளவாக்கில் கொஞ்சம் இடம் மிஞ்சும், அவ்வளவுதான். அப்புறம் குழித்தட்டைத் தொடவே வேண்டாம், தூக்குவது இறக்குவது எல்லாம் கீழ்த்தட்டைப் பிடித்துத்தான். ஈரமான தட்டின் முழுப் பாரமும் நடுவில் இறங்கி மடிவதால்தான் மெல்லிய தட்டு கிழிகிறது. அந்தப் பாரத்தை வேறொன்று தாங்கிக்கொண்டால் மெல்லிய தட்டும் சில பட்டம் கூடுதலாக வரும். அடியில் காற்று ஓட்டம் கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான், கிரேட் மேல் வைத்தால் சமாளிக்கலாம்.

பிளாஸ்டிக்கே வேண்டாம் என்கிறவர்களும் எங்கள் வட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. தேங்காய்ச் சிரட்டையில் துளை போட்டு வைக்கலாம். எத்தனை வருடம் ஆனாலும் வெயில் ஒன்றும் செய்யாது. ஆனால் ஐம்பது சிரட்டையை உருளாமல் வைக்க ஒரு சட்டம் வேண்டும். செய்தித்தாள் சுருட்டிய கிண்ணம் தக்காளிக்குச் சரிவரும், நாற்பது நாள் மிளகாய்க்கு நிற்காது. முட்டை அட்டை இரண்டு வாரத்தில் கூழாகிவிடும், அதோடு குழி ஆழமும் போதாது. டீ குடித்துவிட்டுப் போடும் பிளாஸ்டிக் கப் 2019 ஜனவரி 1-லிருந்து தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள், அதைத் தேடி வாங்கி நாற்று வளர்ப்பதில் அர்த்தமில்லை. மண்ணாலேயே செய்வதென்றால் பழைய மேட்டுப்பாத்திக்கு ஈடு எதுவும் இல்லை. இலவம்பாடிப் பக்கம் இன்றும் வயலோரத்தில் மண்ணை உயர்த்தி, சாணி எரு கலந்து, வைக்கோல் மூடி விதைக்கிற வீடுகள் உண்டு. பாத்தியில் வளர்ந்த நாற்றைப் பிடுங்கும்போது வேர் கொஞ்சம் அறும், நட்ட பிறகு இரண்டு மூன்று நாள் வாடி நிமிரும். நூறு நாற்று இருக்கும் இடத்தில் அது பெரிதில்லை. ஒரு சிட்டிகை விதைக்காரருக்கு அது பெரிது. அதனால் நான் தட்டின் பக்கம்.

கறுப்புத் தட்டில் ஒரு குறை இருக்கிறது. அது சூட்டை உறிஞ்சும். தக்காளி விதைக்கு 25 முதல் 30 டிகிரிவரை பிடிக்கும், 35-ஐத் தாண்டினால் முளைப்பு குறையத் தொடங்கும். நேர் வெயிலில் கறுப்புத் தட்டின் குழி அதைச் சுலபமாகத் தாண்டும். ஆகவே முளைக்கும்வரை வராந்தாவில், படிக்கட்டு நிழலில் வையுங்கள். முளைத்ததும் 50 சதவீத நிழல்வலைக்கு அடியில். நடுவதற்கு முந்தைய வாரம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்கினால் போதும். இப்படிச் செய்தால் தட்டின் மேல் விழும் வெயில் ஒரு பட்டத்துக்கு ஒரு வாரம்தான்.

தட்டு உடையாமல் இருந்தாலும் உப்பு அதைப் பாழாக்கும். வேலூர் ஆழ்துளைத் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று கீசரும் பக்கெட்டும் சொல்லும். தட்டின் துளையிலும் விளிம்பிலும் வெள்ளையாகப் படிந்து, ஒரு கட்டத்தில் துளையே அடைபடும். நாற்றின் இலை நுனி கருகுவதும் பெரும்பாலும் இந்த உப்பால்தான். காவிரிக் கூட்டுக்குடிநீர் வரும் நாளில் இரண்டு குடம் நாற்றுக்கென்று பிடித்து வையுங்கள், மழைக்காலத்தில் மழைநீர். நார்க்கழிவிலும் உப்பு உண்டு, கட்டியைக் கரைத்து இரண்டு மூன்று தண்ணீர் அலசிய பிறகே நிரப்ப வேண்டும். படிந்த உப்பை எடுக்கப் புளித்தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ போதும். ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போய்விடும். கம்பி நார் போட்டுத் தேய்க்காதீர்கள், கீறல் விழுந்த இடத்தில் அழுக்கும் பூஞ்சையும் தங்கும்.

மறுபடி பயன்படுத்தும் தட்டு என்றால் நோயும் மறுபடி வரும். நாற்றழுகல் வந்த தட்டை வெறுமனே அலசி வைத்தால் அடுத்த பட்டத்திலும் நாற்று கழுத்து ஒடிந்து சாயும். முதலில் ஒட்டியிருக்கும் மண், வேர் எல்லாவற்றையும் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். அழுக்கு இருந்தால் பிளீச் அந்த அழுக்கிலேயே செலவாகிவிடும். அப்புறம் கடையில் விற்கும் திரவ பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து, பத்து நிமிடத்துக்குக் குறையாமல் மூழ்கவைத்து, நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. எலுமிச்சை, வினிகர், புளி எதுவும் பிளீச்சோடு சேரவே கூடாது. புளிப்பு பட்டால் குளோரின் வாயு கிளம்பும். உப்பு எடுப்பதை ஒரு நாளும் பிளீச்சை இன்னொரு நாளும் வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் நன்றாக அலசியிருக்க வேண்டும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றலாமே என்று கேட்பார்கள். மெல்லிய தட்டு நெளிந்துவிடும், பிறகு சமமாக உட்காராது. விதைக்கும் சேர்த்துப் பாதுகாப்பு வேண்டும் என்றால் டிரைக்கோடெர்மா விரிடி என்கிற, நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சைத் தூளை விதையில் கலக்கலாம். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்பது பரிந்துரை, நம் சிட்டிகை விதைக்கு விரல்நுனியில் ஒட்டும் தூள் போதும். விரிஞ்சிபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. சந்தேகம் என்றால் போய்க் கேட்கலாம்.

பீடி சுற்றும் வீடுகள் குடியாத்தத்திலும் வேலூரிலும் நிறைய. தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாம் புகையிலையின் உறவுச் செடிகள். புகையிலைத் தேமல் வைரஸ் காய்ந்த புகையிலைத் தூளிலும் உயிரோடு இருக்கக்கூடியது, கை வழியாகத் தட்டுக்கும் நாற்றுக்கும் போகும். தூள் பட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு நாற்றைத் தொட வேண்டும் என்று எங்கள் தெருவில் பீடி சுற்றும் அக்காக்களிடம் சொல்லியிருக்கிறேன். பீடி வேலை நடக்கும் திண்ணையில் தட்டை வைக்காதீர்கள் என்றும். அவர்கள் மாடிகளில் நல்ல மிளகாய் விளைகிறது.

இனி, நாற்று எடுத்த பிறகு தட்டு எங்கே போகிறது என்பது. பண்ணைக்காரர் சொன்ன பத்து மாதம் இங்கேதான் கழிகிறது. மாடிச் சுவரோரம் சாய்த்து வைப்பதும், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் செருகுவதும் வேண்டாம். கழுவி, நிழலில் காயவைத்து, ஒன்றுக்குள் ஒன்று அடுக்குங்கள். அடுக்கும்போது நடுவில் ஒரு செய்தித்தாள் வைத்தால் இறுகாது. இறுகிய தட்டுகளைப் பிய்த்து எடுக்கும்போதே பாதி விளிம்பு உடைகிறது. கோணிப்பையில் போட்டு மாடிப்படிக்கு அடியிலோ பரணிலோ வையுங்கள், மேலே கனமான சாமான் எதையும் ஏற்றாமல். நார்க்கழிவும் விதை மிச்சமும் ஒட்டியிருந்தால் எலி கடிக்கும், சுத்தமான தட்டை அது அவ்வளவாகத் தேடி வராது. தகரக் கொட்டகைக்குள் வைப்பவர்கள், தகரத்தைத் தொடும்படி மேலே செருகாமல் கீழே வையுங்கள். வைகாசியில் அந்தச் சூட்டுக்கு மெல்லிய தட்டு வளைந்துவிடும்.

வாங்கிய மாதத்தையும் கடையையும் அழியாத மார்க்கரால் தட்டின் அடியில் எழுதி வைப்பது என் பழக்கம். பக்கவாட்டில் எழுதினால் வெயிலில் போய்விடும். எந்தத் தட்டு எத்தனை பட்டம் வந்தது என்று யாராவது கேட்டால் புரட்டிக் காட்டலாம். எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்குப் பொதுவாக இப்போது தடித்த தட்டுகள் சுற்றுகின்றன. ஒரு வீட்டில் தக்காளி எடுத்ததும் கழுவி அடுத்த வீட்டுக்கு மிளகாய்க்குப் போகும். ஆடியில் ஒரு சுற்று, புரட்டாசியில் ஒரு சுற்று, தையில் ஒரு சுற்று. தட்டு மாடியில் சும்மா காய நேரமே இருப்பதில்லை.

கடைசியில் எந்தத் தட்டும் உடையத்தான் செய்யும். பாலிபுரொப்பிலீன் என்றால் பழைய பிளாஸ்டிக் எடுப்பவர் எடைக்கு வாங்கிக்கொள்வார். மண் ஒட்டாமல் கழுவிக் கொடுங்கள், இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். மெல்லிய பாலிஸ்டைரீன் தட்டை எங்கள் பக்கம் யாரும் எடுப்பதில்லை. இன்னொரு காரணமும் வேண்டும் என்றால் அதை வாங்காமலிருக்க இதுவே போதும். கொடுப்பதற்கு முன்னால் நல்ல நிலையில் இருக்கும் விளிம்பைப் பட்டையாக வெட்டி வைத்துக்கொண்டால், அடுத்த பட்டத்துக்கு எது முள்ளுக்கத்தரி, எது தக்காளி என்று எழுதிக் குழியில் செருகப் பெயர்ப்பட்டை ஆகிவிடும்.